பெயர்ப்பலகை மாட்டும் முன்

இலங்கை மலையகத்தில் கொட்டகலைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

கலியாணத்துக்கு முன் தோட்டப் பாடசாலை ஒன்றில் நான்கு வருஷம் தொண்டர் ஆசிரியையாக இருந்தவர். கணவர் டவுனில் சில்லறைக் கடை வைத்திருக்கிறார். மகனுக்கு வயது பத்து, மகளுக்கு ஏழு. மகனுக்குப் பேச்சு திக்கும். வகுப்பில் வாசிக்க எழுப்பினால் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒரு நாள் படிப்பித்தவரே அவனைப் போல் பேசிக் காட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு காலையில் யூனிஃபோமைக் கையில் எடுத்தாலே அவனுக்கு வயிற்றைப் பிரட்டும். இரண்டு மாதம் போராடிப் பார்த்துவிட்டு, வீட்டிலேயே படிப்பிக்கத் தொடங்கினார். ஒன்றரை வருஷமாகிறது. "இப்போது தங்கச்சிக்கு அவன்தான் கதை வாசித்துக் காட்டுகிறான்" என்று எழுதியிருக்கிறார்.

அதைப் பார்த்து இன்னும் நான்கு குடும்பங்கள் சேர்ந்திருக்கின்றன. ஒரு போதகரின் குடும்பம், தோட்டத்து ஒபீஸ் கிளாக்கர் ஒருவரின் குடும்பம், மரக்கறித் தோட்டம் செய்யும் குடும்பம், கொழுந்து பறிக்கும் ஒரு தாயும் அவருடைய எட்டு வயது மகனும். மொத்தம் ஒன்பது பிள்ளைகள். செவ்வாயும் வியாழனும் இவர் வீட்டு முன்னறையில் கூடுகிறார்கள். கொழுந்து பறிக்கும் தாய் மட்டும் ஐந்து நாளும் பிரட்டுக்கு (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) போகும் முன் மகனைக் கொண்டுவந்து விட்டு, வேலை முடிந்து மாலையில்தான் கூட்டிப் போகிறார்.

அடுத்த தவணையிலிருந்து டவுனில் ஒரு மேல்மாடி அறையை வாடகைக்கு எடுத்து, ஏ.எல். (உயர்தரம்) முடித்த இரண்டு பெண்களைப் படிப்பிக்க வைத்து, பிள்ளைக்கு மாதம் 3,000 ரூபா வாங்கி, ஐந்து நாளும் நடத்தலாம் என்பது இவரது யோசனை. பெயர்ப்பலகைக்கு எழுத்துக்கூடத் தெரிவு செய்தாகிவிட்டது. இதற்கிடையில் ஜி.எஸ். (கிராம சேவகர்) வந்து, "பிள்ளைகள் ஏன் ஸ்கூலுக்குப் போவதில்லை?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். குழுவில் ஒருவர் "நம்ம பிள்ளை, நம்ம உரிமை, யாரும் கேட்க முடியாது" என்கிறாராம். இன்னொருவர் "எல்லாரையும் பொலிஸ் பிடிக்கும்" என்று பயப்படுகிறாராம். இது சட்டப்படி சரியா, சங்கமாகப் பதிந்தால் பிரச்சினை தீருமா, பிள்ளைகள் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுத முடியுமா, ஜெபமா தேவாரமா என்று முட்டிக்கொள்ளும் இரண்டு தாய்மாரை எப்படிச் சமாளிப்பது? இவைதான் கேள்விகள்.

அன்புத் தங்கச்சி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். ஒரு பிள்ளையின் குரலை மீட்டிருக்கிறீர்கள். அது சின்ன வேலை அல்ல. உங்கள் யோசனையில் பாதிக்கு நான் குறுக்கே நிற்கப் போகிறேன். எதற்காக என்பதை நிதானமாகக் கேளுங்கள்.

முதலில் ஜி.எஸ்.ஸைப் பற்றி. அவர் கேட்டதில் பிழையில்லை, கேட்பது அவருடைய கடமை. 1998 ஜனவரி முதல் 5 வயதிலிருந்து 14 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயம். 2016 இல் அந்த வயது 16 ஆக உயர்த்தப்பட்டது. பிள்ளைகள் பாடசாலைக்குப் போகிறார்களா என்று பார்க்கப் பிரதேச மட்டத்தில் வரவுக் குழுக்கள் அமைப்பதும் அந்த விதிகளில் இருக்கிறது. நம் மலையில் இந்தக் கேள்விக்கு இன்னொரு கனமும் உண்டு. பாடசாலைக்கு வராமல் போன பிள்ளையைத் தேடிப் போனால், தரகர் கையில் கொழும்பில் ஏதோ ஒரு வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பது இங்கே பழைய கதையாகிவிடவில்லை. உங்கள் வாசலில் வந்து கேட்கிற அதிகாரி அந்தப் பிள்ளைக்காகவும்தான் கேட்கிறார். அவரை எதிரியாக்காதீர்கள். உட்கார வைத்து, தேத்தண்ணி கொடுத்து, கொப்பிகளை எடுத்துக் காட்டுங்கள்.

உரிமையும் பயமும், இரண்டுமே பாதிதான்

"யாரும் கேட்க முடியாது" என்பது தவறு. "எல்லாரையும் பிடிப்பார்கள்" என்பதும் தவறு. நம் கல்விச் சட்டத்தின் வேர் 1939 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம். பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பும் கடமையைப் பற்றிச் சொல்லும்போதே, பிள்ளையின் கல்விக்குப் போதிய, பொருத்தமான ஏற்பாட்டைத் தானே செய்திருக்கும் பெற்றோருக்கு அது ஓர் இடம் விட்டிருக்கிறது. உங்கள் பிடிமானம் அந்த இடம்தான். ஆனால் வீட்டில் படிப்பிக்கிறவர்களைப் பதிவு செய்து அனுமதி கொடுக்கும் தனி முறை ஒன்று நம் நாட்டில் இல்லை. சுவரில் மாட்டி வைக்க ஒரு சான்றிதழ் கிடைக்காது. நாளைக்கு யாராவது கேட்டால், ஏற்பாடு போதுமானது என்று காட்டவேண்டியவர் அந்தப் பிள்ளையின் தாயோ தகப்பனோதான். காட்ட முடியாவிட்டால் விஷயம் நீதிமன்றம் வரை போகவும் இடமுண்டு.

இதில் கவனிக்க வேண்டிய சொல் "பெற்றோர்". குழு என்று அங்கே இல்லை. ஐந்து குடும்பங்களும் தத்தம் பிள்ளைக்குத் தாங்களே பொறுப்பாக இருந்து, வாரத்தில் இரண்டு நாள் ஒன்றுகூடினால் அது பெற்றோரின் ஏற்பாடு. பொறுப்பையெல்லாம் உங்கள் தலையில் இறக்கி வைத்துவிட்டு, மாதம் பிறந்தால் பணம் கட்டுவது மட்டும்தான் அவர்கள் வேலை என்றால், அதற்குப் பெயர் வேறு.

மேல்மாடி அறை ஏன் வேண்டாம்

அந்தப் பெயர் பாடசாலை. 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டம் 5 வயது முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தனியார் புதிதாகப் பாடசாலை தொடங்குவதைத் தடுக்கிறது. "அப்படியானால் இன்டர்நெஷனல் ஸ்கூல்கள்?" என்று கேட்பீர்கள். அவை கம்பனிச் சட்டத்தின் கீழ் கம்பனிகளாகப் பதியப்பட்டவை. பெரிய முதலும் வக்கீல்களும் உள்ளவர்கள் நடக்கும் வழி அது. "டவுன் முழுக்க டியூஷன் கிளாஸ் நடக்கிறதே?" டியூஷனுக்கு வருகிற பிள்ளையின் பெயர் ஏதோ ஒரு பாடசாலையின் வரவுப் பதிவேட்டில் இருக்கிறது. டியூஷன் அதற்கு மேல் ஓர் உதவி. உங்கள் மேல்மாடியில் அப்படியில்லை. ஐந்து நாள், சம்பளத்துக்கு ஆசிரியர், மாதக் கட்டணம், வாசலில் பலகை. இந்த நான்கையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிற எந்த அதிகாரியும் அதைப் பாடசாலை என்றுதான் எழுதுவார். அவர் எழுதுவதை மறுக்க என்னிடமும் வாதம் குறைவு.

சங்கமாகப் பதிந்தால் தீருமா என்று கேட்டிருந்தீர்கள். தீராது. தொண்டர் அமைப்புகளைப் பதிவதற்கு 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சிறிய சங்கங்களைப் பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். பதிந்தால் சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு திறக்கலாம், கோயில் மண்டபம் கேட்கலாம், நாலு பேர் முன் ஒரு மதிப்பு கிடைக்கும். பாடசாலை நடத்தும் உரிமை அந்தக் கடதாசியால் வராது. ஐந்து குடும்பத்துக்கு இப்போது பதிவே தேவையில்லை என்பது என் எண்ணம். பலகைக்கு நீங்கள் யோசித்திருக்கும் பெயரில் "கூட்டுறவு" என்ற சொல் இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள். அது 1972 ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் கீழ் பதிந்தவர்களுக்கு உரிய சொல், வீண் வில்லங்கம்.

ஆகவே இப்போதிருப்பதைப் போலவே இருங்கள். வாரம் இரண்டு நாள், வேண்டுமானால் மூன்று. இடம் வீடுகளில் மாறி மாறி. கட்டணம் வேண்டாம், ஆன செலவைக் கணக்குப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு பெண்களும் ஆங்கிலத்துக்கோ சிங்களத்துக்கோ ஒரு மணித்தியாலம் வந்து போகட்டும், அதற்குரிய காசை மரியாதையாகக் கொடுங்கள். கூடும் நேரத்தில் ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஒரு பெரியவர் கூடவே இருப்பது மிக நல்லது.

பிள்ளைக்கு ஒரு சி.ஆர். கொப்பி

ஒரு பிள்ளைக்கு ஒரு சி.ஆர். கொப்பி வாங்குங்கள், பெரிய சைஸ், தடித்த மட்டை. அதில் அந்தப் பிள்ளையின் தாயோ தகப்பனோ மட்டும் எழுத வேண்டும். நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். நீண்ட வியாசம் எதுவும் தேவையில்லை. இப்படி இருந்தால் போதும்: "செவ்வாய். கணிதம், பின்னம். ரொட்டியை எட்டாக வெட்டிக் காட்டினேன், எட்டில் மூன்றைப் பிழையாகச் சொன்னான், பிறகு சரி. வாசிப்பு ஒரு பக்கம், மூன்று இடத்தில் நின்றான், நானும் பொறுத்திருந்தேன்." ஒன்றரை வருஷத்துக்கு இப்படி நாள்வாரியாக எழுதிய கொப்பி ஒன்று மேசையில் இருந்தால், அதற்கு முன்னால் என் வாதம் எதுவும் தேவைப்படாது.

கொப்பியோடு ஒரு கடிதமும் வேண்டும். ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக வலயக் கல்விப் பணிப்பாளருக்கு எழுதட்டும்: பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, விட்ட பாடசாலை, காரணம், வீட்டில் யார் படிப்பிக்கிறார், எந்தப் பாடம், எந்தப் புத்தகம், எந்த நேரம். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கொப்பியின் பின்மட்டையில் ஒட்டி வையுங்கள். பதில் வராமல் போகலாம். நீங்கள் ஒளிக்கவில்லை என்பதற்கு அந்தச் சீட்டே சாட்சி. விடுகைப் பத்திரம் வாங்கிய பிள்ளைகள் அதன் மூலப் பிரதியைப் பத்திரப்படுத்த வேண்டும். மறுபடி பாடசாலைக்குப் போக நினைக்கும் நாளில் முதலில் கேட்பது அதைத்தான்.

புத்தகத்துக்கு அலைய வேண்டாம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தமிழ்ப் பாடப்புத்தகங்களை இணையத்தில் இலவசமாக இறக்கலாம். மகரகம தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகள் அதைவிட உதவும், ஏனென்றால் எந்தப் பாடத்துக்கு எத்தனை பாடவேளை என்பதுகூட அவற்றில் இருக்கும். அரசுப் பாடத்திட்டத்தை விட்டு வெகுதூரம் போகாதீர்கள் என்பதே என் புத்தி. பிள்ளை திரும்பிப் போகும் கதவு திறந்திருக்க வேண்டும்.

பரீட்சைகள்

ஓ.எல். எழுத முடியாது என்று யாரோ உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பிக்கும் வழி இருக்கிறது. பாடசாலைப் பிள்ளைகள் எழுதும் அதே வினாத்தாள்தான். லண்டன், கேம்பிரிட்ஜ் பரீட்சைகளை பிரிட்டிஷ் கவுன்சில் வழியாகத் தனியாக எழுதலாம். ஆனால் கட்டணம் நம் குடும்பங்களுக்கு மலை. உள்நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு ஏ.எல்.தான் வழி என்பதையும் மறக்கக்கூடாது.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் அப்படியல்ல. அதற்குப் பாடசாலை மூலமாகவே விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் மகனுக்குப் பத்து வயது, அந்தப் பரீட்சைக்குரிய வயது. வீட்டில் இருந்தால் அது கைநழுவிப் போகும், அதோடு பெரிய பாடசாலை ஒன்றில் ஆறாம் தரத்துக்குப் போகும் ஒரு வாசலும் மூடும். இதை நீங்களும் கணவரும் தெரிந்தே தீர்மானியுங்கள். இன்னொன்று: ஒரு பாடசாலை அவனை நோகடித்தது என்பதால் எல்லாப் பாடசாலையும் அப்படி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அந்த ஆசிரியரின் நடத்தையைப் பற்றி வலயத்துக்கு எழுத்தில் முறையிட்டு, வேறு பாடசாலைக்கு மாற்றம் கேட்க உங்களுக்கு இன்றைக்கும் உரிமை இருக்கிறது. மாவட்ட வைத்தியசாலையில் பேச்சுச் சிகிச்சையாளரிடம் அவனைக் காட்டினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. காட்டியிருக்காவிட்டால் முதலில் அதைச் செய்யுங்கள்.

நடத்துகிறவர் சுமக்கிறவர் ஆகக்கூடாது

"சொந்த மகளுக்குக் கதை சொல்லி எத்தனையோ நாள் ஆகிறது" என்று நாலாம் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். சட்டக் கேள்விகளைவிட அந்த வரி என்னை அதிகம் உறுத்தியது. திறப்பு உங்களிடம், காசு உங்களிடம், நேரசூசி உங்களிடம், சண்டை தீர்ப்பதும் நீங்கள். ஐந்து வீடு இருக்கிறது, வேலையைப் பிரித்துக் கொடுங்கள். கணக்கை ஒருவர், நேரசூசியை ஒருவர், அதிகாரிகளோடு பேசுவதை ஒருவர் என்று தவணைக்கு ஒரு முறை மாறி வரட்டும். கிளாக்கர் வீட்டில் கணக்குத் தெரியாதா? மரக்கறித் தோட்டக்காரர் லீக்ஸ் நாற்று நடுவதைக் காட்டிக்கொடுத்தால் அந்த விஞ்ஞானத்தை உங்களால் முன்னறையில் சொல்லிக்கொடுக்க முடியுமா? தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுவது, உருட்டுவது, புளிக்கவைப்பது, காயவைப்பது எல்லாம் நம் பிள்ளைகளுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இரசாயனப் பாடம். தோட்டத்துத் துரையிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள். தனி வீட்டில் முடியாததைச் செய்யத்தான் குழு: சிங்களத்தில் பேசிப் பழகுவது, நாடகம், ஓட்டப்பந்தயம், பரிசோதனைகள். கூட்டலையும் கழித்தலையும் அவரவர் வீட்டில் பார்த்துக்கொள்ளட்டும்.

ஊவாப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு குழு ஏழு குடும்பமாகத் தொடங்கி ஒரு வருஷத்துக்குள் கலைந்தது. காரணம் 1,840 ரூபா போட்டோ கொப்பிக் கணக்கு. ஒரு தாய் மாதக்கணக்காகத் தன் காசைப் போட்டுவிட்டு யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். ஒரு நாள் பிள்ளைகளுக்கு முன்னால் கொட்டித் தீர்த்துவிட்டார். அவர் பேசியதை மன்னித்தார்கள், பிள்ளைகள் கேட்டுவிட்டதை மன்னிக்க முடியவில்லை. ஆகவே ஒரு பக்கத்தில் உடன்படிக்கை எழுதி ஐந்து வீட்டாரும் கையொப்பமிடுங்கள். செலவை மாதக் கடைசியில் கணக்குப் பார்ப்பது, மனத்தாங்கலைப் பிள்ளைகள் இல்லாத இடத்தில் பேசுவது, புதிய குடும்பத்தைச் சேர்க்க எல்லாரும் சம்மதிப்பது, விலக நினைப்பவர் ஒரு மாதம் முன்கூட்டிச் சொல்வது. இவ்வளவு போதும்.

ஜெபமும் தேவாரமும் அந்தப் பக்கத்தில் வரட்டும். என் யோசனை: தொடக்கத்தில் ஒரு நிமிட மௌனம், அவரவர் மனதுக்குள் அவரவர் கடவுள். சமயம் ஓ.எல். வரை ஒரு பாடம், அதை அந்தந்த வீடு பார்த்துக்கொள்ளும். இரண்டு தாய்மாரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசாதீர்கள். முதலில் தனித்தனியாகப் போய்ப் பேசுங்கள், நீங்கள் எந்தப் பக்கமும் இல்லை என்று இருவருக்கும் தெரியட்டும்.

பிள்ளைகளின் பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுப்பு கிடையாது. எந்தப் பெரியவரும், அவர் எவ்வளவு நல்லவரானாலும், மற்ற வீட்டுப் பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக்கூடாது. அடி கிடையாது, காது திருகல் கிடையாது. ஏதாவது சந்தேகம் தட்டினால் குழுவுக்குள் பேசி மூடாமல், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கோ பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கோ சொல்ல வேண்டும். இதையும் உடன்படிக்கையில் எழுதுங்கள். வாசித்துவிட்டு ஒருவர் கையொப்பமிடத் தயங்கினால், அந்தத் தயக்கத்தையும் கவனியுங்கள்.

அந்த எட்டு வயதுப் பையன்

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. கொழுந்து பறிக்கும் தாயின் மகன் வீட்டில் படிக்கும் பிள்ளை இல்லை. அவன் தாய் காலையிலிருந்து மாலை வரை மலையில் நிற்கிறார். அவனுக்கு யார் ஏற்பாடு செய்திருக்கிறார் என்று ஜி.எஸ். கேட்டால் அவரால் என்ன பதில் சொல்ல முடியும்? உங்களைத்தான் காட்டுவார். அன்பினால் செய்தீர்கள், தெரியும். சட்டத்தின் கண்ணில் அந்த ஒரு பிள்ளைக்கு நீங்கள் பாடசாலை நடத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

பாடசாலையை விட்டதால் அவன் இழப்பவையும் உண்டு: இலவசப் புத்தகம், சீருடைத் துணி, பல ஆரம்பப் பாடசாலைகளில் கிடைக்கும் ஒரு வேளைச் சோறு. நமக்கு இந்தப் பாடசாலைகள் லேசில் கிடைத்தவை அல்ல. தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வரத் தொடங்கியதே 1970களில்தான். அதுவரை பல தோட்டங்களில் ஒரு கொட்டகை, ஒரே வாத்தியார், அஞ்சாம் வகுப்போடு கணக்கு முடிந்தது. என் அம்மா அப்படி நிறுத்தப்பட்டவர். கையெழுத்துப் போடும்போதெல்லாம் பேனையை ஒரு கணம் பார்த்துவிட்டுத்தான் போடுவார். வீட்டில் ஆள் இருக்கிற குடும்பத்துக்கு வீட்டுக் கல்வி ஒரு வழியாகலாம். வீட்டில் ஆளே இல்லாத பிள்ளையைப் பாடசாலையிலிருந்து எடுத்து வைத்திருப்பதை என்னால் ஆதரிக்க முடியாது.

அதற்காக அவனைக் கைவிடச் சொல்லவில்லை. பாடசாலை விட்ட பிறகு தாய் வரும்வரை அவன் உங்கள் வீட்டில் இருக்கட்டும், வீட்டுப்பாடத்தைப் பாருங்கள். அதில் எந்தச் சட்டச் சிக்கலும் இல்லை. குழு கூடும் நாளை ஒரு சனிக்கிழமைக்கு மாற்றினால் அவனும் வரலாம். அவனைப் பாடசாலையிலிருந்து நிறுத்தியது எதனால் என்று நீங்கள் எழுதவில்லை. சப்பாத்து இல்லாததாக இருக்கலாம், பஸ் காசாக இருக்கலாம், யாரோ ஒருவரின் ஒரு சொல்லாக இருக்கலாம். அந்தத் தாயிடம் மாலையில் மகனைக் கூட்டிப்போக வரும் அவசரத்தில் கேட்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்துக்கே போய், குசினியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பிறப்புச் சாட்சிப் பத்திரமும் விடுகைப் பத்திரமும் இருக்கிறதா என்று பாருங்கள். திங்கட்கிழமை அதிபரைப் பார்க்கப் போகும்போது அந்தத் தாய்க்கு ஒரு நாள் பேர் (வேலைக் கணக்கு) போய்விடும் என்றால், உங்கள் குழுவின் பொதுக்காசில் முதல் செலவாக அந்த நாள் சம்பளத்தைக் கொடுங்கள்.